வீட்டுக்கும் வைத்தியசாலைக்கும் இடையில்: நோயாளர் காவு வண்டிக்குப் பணம் கொடுத்தவர் யார்?

1992ஆம் ஆண்டு. நான் அப்போது யாழ்ப்பாணத்தில் பல்கலைக்கழக மாணவன். குடாநாட்டுக்குள் பெற்றோல் வருவது நின்று இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. மின்சாரமும் இல்லை. ஒருநாள் நடுச்சாமத்தில் எங்கள் ஒழுங்கையின் கடைசி வீட்டில் ஒரு பெண்ணுக்குப் பிரசவ வலி கண்டது. தலைப்பிள்ளை. மருத்துவிச்சி அம்மா வந்து பார்த்துவிட்டு, பிள்ளை குறுக்கே கிடக்கிறது, பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள் என்று சொல்லிவிட்டார். சந்தியில் ஒருவரிடம் பழைய ஒஸ்ரின் ஏ-40 வாடகைக் கார் நின்றது. அவரை எழுப்பச் சென்றவர்களில் நானும் ஒருவன். அவர் இலாந்தரைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சொன்னது இன்றும் காதில் நிற்கிறது. "தம்பியவை, மண்ணெண்ணெய் அரைப் போத்தல்தான் கிடக்கு. போகக் காணும், வரக் காணாது."

அந்தக் காலத்தைக் காணாத இளம் வாசகர்களுக்கு ஒரு விளக்கம் தேவைப்படலாம். அப்போது யாழ்ப்பாணத்தில் கார்கள் மண்ணெண்ணெயில்தான் ஓடின. கார்பரேற்றருக்குள் சில துளி பெற்றோலை விட்டு இயந்திரத்தை உயிர்ப்பித்து, அது சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். பின்னால் வெண்புகை கக்கிக்கொண்டு, இருமியபடி கார் நகரும். அந்தச் சில துளி பெற்றோலின் விலை அன்று ஒரு குடும்பத்தின் பல நாட் செலவுக்குச் சமம். அன்றிரவு அந்தப் பெண் போய்ச் சேர்ந்தாள், பிள்ளையும் தப்பியது. பெரியாஸ்பத்திரியில் சத்திரசிகிச்சைக்கு ஒரு சதமும் வாங்கவில்லை. ஆனால், காருக்கும் எண்ணெய்க்கும் கொடுப்பதற்காக அவளுடைய கல்யாணக் காப்பு ஒன்று அடுத்த கிழமை அடைவு கடைக்குப் போயிற்று.

பத்திரிகைத் தொழிலுக்கு வந்த பின்னர், சுகாதாரத் துறை பற்றிய செய்திகளை எழுதும்போதெல்லாம் அந்தக் காப்புத்தான் எனக்கு நினைவுக்கு வரும். இலங்கையின் இலவச மருத்துவத்தை உலகமே மெச்சுகிறது, மெச்சத் தகுந்ததே. ஆனால் அந்த இலவசம் வைத்தியசாலைப் படலையிலிருந்துதான் தொடங்கியது. வீட்டு வாசலிலிருந்து படலை வரைக்குமான தூரம் நீண்ட காலமாக எந்த வரவு செலவுத் திட்டத்திலும் இடம்பெறவில்லை. கிராமத்தவனைப் பொறுத்தவரை, உயிரா சாவா என்பதைத் தீர்மானித்தது பெரும்பாலும் அந்தத் தூரந்தான்.

இதன் வேர் ஆங்கிலேயர் காலத்தில் இருக்கிறது. வட மாகாணத்தின் அரசாங்க அதிபராக நீண்டகாலம் இருந்த பேர்சிவல் அக்லண்ட் டைக் என்பவரின் முயற்சியால், 1850இல் யாழ்ப்பாணத்தில் பிரெண்ட் இன் நீட் சொசைற்றியின் வைத்தியசாலை ஆரம்பிக்கப்பட்டது. இன்றைய போதனா வைத்தியசாலையின் தொடக்கம் அதுவே. அது அரசாங்கம் தன் முழுப் பொறுப்பில் கட்டிய நிறுவனம் அன்று. நன்கொடைகளையும் சந்தாக்களையும் நம்பி எழுந்த தரும ஸ்தாபனம். அதற்குச் சற்று முன்னர், 1847இல், அமெரிக்க மிஷனைச் சேர்ந்த மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் வந்திறங்கி, மானிப்பாயில் மருத்துவப் பணியைத் தொடங்கியிருந்தார். தமிழிலேயே மருத்துவம் கற்பித்து, மேலைத்தேய மருத்துவ நூல்களைத் தமிழாக்கிய அப்பெருமகனைப் பற்றித் தனியே எழுத வேண்டும். இங்கே கவனிக்க வேண்டியது வேறொன்று. இவ்விரு முயற்சிகளிலும் நோயாளி தானாக வந்து சேர வேண்டும் என்பதே எதிர்பார்ப்பு. மாட்டுவண்டியிலோ, உறவினர் தோளிலோ அவர் எப்படியோ வந்து விடுவார் என்று கருதினார்கள்.

மலையகத்தில் நிலைமை இன்னும் கொடிது. தென்னிந்தியாவிலிருந்து மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே மாத்தளைக்கு நடந்து வந்த தொழிலாளர்களில் வழியிலேயே மாண்டு போனவர்கள் ஏராளம். அந்தச் சாவுகள் குறித்த கண்டனங்களும், தோட்டங்களில் கூலியாட்கள் கேட்பாரற்று இறப்பது பற்றிய முறைப்பாடுகளும் சேர்ந்துதான் 1872இல் 'மெடிக்கல் வோன்ற்ஸ்' கட்டளைச் சட்டத்தைக் கொண்டுவரச் செய்தன. தோட்டப் பகுதிகளில் மாவட்ட வைத்தியசாலைகளை அமைப்பதும், செலவில் ஒரு பகுதியைத் தோட்டச் சொந்தக்காரர்களிடமிருந்து அறவிடுவதும் அதன் நோக்கம். துரைமார் அதனை விரும்பவில்லை. யார் எவ்வளவு கொடுப்பது என்ற இழுபறி பல ஆண்டுகள் நீடித்தது. 1880இலும் 1912இலும் புதிய சட்டங்கள் வந்தன. சட்டம் வைத்தியசாலையைப் பற்றியும் மருந்தைப் பற்றியும் பேசியது. லயத்திலிருந்து நோயாளியை மலைச்சரிவு வழியே இறக்கும் வேலையைக் கம்பளியும் இரண்டு மூங்கில் தடிகளும் நான்கு ஆட்களும் செய்தார்கள். பின்னாளில் கொழுந்து ஏற்றும் லொறி கிடைத்தது. அதுவும் துரையோ, கணக்கப்பிள்ளையோ மனம் வைத்தால்தான்.

அதே ஆங்கிலேய அரசு தன் சொந்த நாட்டில் என்ன செய்தது என்பதை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். ஸ்கொட்லாந்தின் மேட்டு நிலங்களிலும் தீவுகளிலும் வாழ்ந்த ஏழைச் சிறு குடியானவர்கள் மருத்துவரின்றி வாடுவதை ஆராய ஒரு குழு நியமிக்கப்பட்டு, 1912இல் அறிக்கை வெளிவந்தது. தலைவரின் பெயரால் அதனை டூவர் அறிக்கை என்பார்கள். மறு ஆண்டிலேயே தனிச் சட்டம் இயற்றி, அப்பகுதிக்கு ஆண்டுதோறும் 42,000 பவுண் மானியம் ஒதுக்கினார்கள். தொகையைவிட அது எதற்குச் செலவிடப்பட்டது என்பதே முக்கியம். மருத்துவர் எத்தனை மைல் வந்தாலும் நோயாளி கொடுக்க வேண்டிய கட்டணம் குறைவானதாகவும் ஒரே அளவினதாகவும் இருக்கும். மிகுதிப் பயணச் செலவை அரசாங்கம் ஏற்கும். அதாவது தூரத்துக்கான கூலியைத் திறைசேரி தன் தலையில் ஏற்றுக்கொண்டது. 1933இல் அதே பகுதியின் ஐலா தீவிலிருந்து, வயிற்றில் துளை விழுந்த ஒரு மீனவரை விமானத்தில் கிளாஸ்கோவுக்குக் கொண்டு சென்று காப்பாற்றினார்கள். பிரித்தானியாவின் விமான அம்புலன்ஸ் சேவை அந்தப் பயணத்திலிருந்துதான் வளர்ந்தது.

இலங்கைக்கு அத்தகைய ஏற்பாடு எதுவும் வரவில்லை. ஆனால் 1931இல் சர்வசன வாக்குரிமை வந்தது. வாக்குக் கேட்டு ஊருக்குள் வந்தவரிடம் மக்கள் பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் கேட்கத் தொடங்கினார்கள். 1934-35இல் தீவைச் சூறையாடிய மலேரியா, ஏறத்தாழ 80,000 உயிர்களைக் கொண்டு போனது. கேகாலைப் பக்கத்துக் கிராமங்களில் வீடு வீடாகப் பிணங்கள் கிடந்தன. இடதுசாரி இளைஞர்கள் மருந்தும் பருப்பும் சுமந்துகொண்டு அக்கிராமங்களுக்கு நடந்தார்கள். அவர்களின் அரசியல் அங்கேதான் வேர் பிடித்தது என்பது வரலாறு அறிந்தவர்களுக்குத் தெரியும். கிராமத்துக்கு வைத்தியசாலையைக் கொண்டு செல்ல வேண்டும் என்ற எண்ணம் அரசாங்கத்துக்கு உறைத்ததும் அந்தக் கொள்ளை நோயின் பின்னர்தான். சிறு வைத்தியசாலைகளும் மருந்தகங்களும் நாடெங்கும் பெருகின. 1951இல் அரசாங்க வைத்தியசாலைகளில் கட்டணம் ஒழிக்கப்பட்டது.

இந்தக் கொள்கையின் பலம் பெரிது. வைத்தியசாலையை ஊருக்கு அருகில் கொண்டு வந்துவிட்டால் வண்டி எதற்கு என்ற எண்ணம் அன்று நியாயமானதாகவே இருந்திருக்கும். ஆனால் ஊர் மருந்தகத்தில் கட்டுப் போடலாம், காய்ச்சலுக்கு மருந்து எடுக்கலாம். மாரடைப்புக்கோ, விபத்தில் நொறுங்கிய காலுக்கோ, குறுக்கே கிடக்கும் பிள்ளைக்கோ பெரிய வைத்தியசாலைதான் வேண்டும். அரசாங்க அம்புலன்ஸ்கள் இருந்தன. அவை பெரும்பாலும் ஒரு வைத்தியசாலையிலிருந்து இன்னொன்றுக்கு நோயாளியை மாற்றும் வண்டிகள். வீட்டிலிருந்து ஒருவரை ஏற்றி வருவது அவற்றின் கடமையாகக் கொள்ளப்படவில்லை. சாரதி ஒருவர், சில வேளை ஒரு சிற்றூழியர். வழியில் மூச்சு நின்றால் இருவருக்கும் கடவுளே துணை. பின்னர் 1987இல் மாகாண சபைகள் வந்து, பெரிய வைத்தியசாலைகள் கொழும்பு அமைச்சின் கீழும் சிறியவை மாகாணத்தின் கீழும் பிரிந்தபோது, எந்த வண்டிக்கு யார் டயர் வாங்கிக் கொடுப்பது என்ற புதிய தலைவலியும் சேர்ந்துகொண்டது.

வன்னியிலும் வடமத்திய மாகாணத்திலும் இதற்கு இன்னொரு முகம் உண்டு. பாம்புக்கடி. 2016இல் வெளியான ஒரு தேசிய ஆய்வு, இலங்கையில் ஓராண்டில் சுமார் 80,000 பேரைப் பாம்பு கடிப்பதாகவும், 400க்கு மேற்பட்டோர் இறப்பதாகவும் மதிப்பிட்டது. வைத்தியசாலைப் பதிவேடுகளில் உள்ள எண்ணிக்கையைவிட இது மிக அதிகம். பலர் வைத்தியசாலைக்கே வரவில்லை என்பதுதான் பொருள். கண்டங்கருவளலை இரவில் நிலத்தில் பாய் விரித்துத் தூங்குபவனைக் கடிக்கும். கடித்த இடம் வலிக்காது. விடியும்போது கண்ணிமை கவிழ்ந்து, மூச்சு அடங்கிக்கொண்டிருக்கும். அவனுக்குத் தேவை மருந்துக்கு முன்னர் காற்று. லாண்ட்மாஸ்ரர் பெட்டியில் ஏற்றி இருபது மைல் கொண்டு போகும்போது யார் அவனுக்கு மூச்சுக் கொடுப்பது?

போர்க்காலத்தைப் பற்றி நீட்டி எழுத மனம் வரவில்லை. சைக்கிள் கரியரில் கட்டிய கதிரையும், உழவு இயந்திரப் பெட்டியும், கிளாலிக் கடலில் இருட்டில் போன வள்ளமும் எங்கள் நோயாளர் காவு வண்டிகளாக இருந்தன. 2009 பெப்ரவரியிலிருந்து மே முற்பகுதி வரை, புதுமாத்தளன் கரையிலிருந்து செஞ்சிலுவைச் சர்வதேசக் குழு கப்பல் மூலம் காயம்பட்டோரையும் நோயாளரையும் அவர்களின் துணைக்கு வந்தோரையும் வெளியேற்றியது. மொத்தம் ஏறத்தாழ 14,000 பேர். சிறு படகுகளில் ஏற்றிக் கப்பலுக்குக் கொண்டு சென்றார்கள். முதலில் திருகோணமலைக்கும் பின்னர் புல்மோட்டைக்கும். தன் குடிமக்களை வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லும் பொறுப்பை ஓர் அரசு முழுவதுமாக வேறொருவர் கையில் விட்டதற்கு அதைவிடப் பெரிய சாட்சி எனக்குத் தெரியாது.

இனி ஐதராபாத்துக்குப் போக வேண்டும். அங்கே 2005 ஆகஸ்ட் 15ஆம் திகதி, '108' என்ற எண்ணில் அழைத்தால் வரும் இலவச அம்புலன்ஸ் சேவை தொடங்கியது. தொடங்கியவர் சத்யம் கணினி நிறுவனத்தின் ராமலிங்க ராஜு. அதே ஆண்டில்தான் இந்திய மத்திய அரசு தேசிய ஊரகச் சுகாதார இயக்கத்தையும் ஆரம்பித்திருந்தது. மாநில அரசுகள் அதன் நிதியைக் கொண்டு 108ஐ ஒவ்வொன்றாக ஏற்றன. இயக்கச் செலவில் மத்திய அரசு முதலாண்டு 60 வீதம், இரண்டாமாண்டு 40 வீதம், அதன்பின் 20 வீதம் என்று இறங்கிச் செல்லும். மிகுதியை மாநிலம் சுமக்க வேண்டும் என்பது ஏற்பாடு. தமிழ்நாட்டில் 2008 செப்டெம்பரில் 108 வந்தது. நான்கு மாதங்களில், 2009 ஜனவரி 7ஆம் திகதி, ராஜு தம் நிறுவனக் கணக்குகளில் பல்லாண்டுகளாகப் பொய் எழுதியதை ஒப்புக்கொண்டு கடிதம் கொடுத்தார். இந்தியாவே அதிர்ந்தது. ஆயினும் அம்புலன்ஸ்கள் நிற்கவில்லை. ஜி.வி.கே. குழுமம் நிர்வாகத்தை ஏற்றது; ஓட்டத்துக்கான பணம் ஏற்கனவே பொதுப் பணமாக இருந்தபடியால் சேவை தப்பியது. ஒரு பணக்காரரின் கொடையாக மட்டும் அது இருந்திருந்தால், அவரோடு சேர்ந்து அதுவும் சிறைக்குப் போயிருக்கும்.

இந்த ஐதராபாத் மாதிரிதான் இலங்கைக்கு வந்தது. 2015இல் ஆட்சி மாறிய பின்னர், அப்போது பிரதி வெளிவிவகார அமைச்சராக இருந்த ஹர்ஷ டி சில்வா இதற்காக முன்னின்று உழைத்தார். இந்தியா 75 இலட்சம் டொலருக்குச் சற்று மேற்பட்ட நன்கொடையை வழங்கியது; 88 வண்டிகளோடு 2016 ஜூலையில் மேல், தென் மாகாணங்களில் '1990 சுவசெரிய' ஓடத் தொடங்கியது. எதிர்ப்பு பலமாக இருந்தது. இந்தியா உளவு பார்க்க வழி திறக்கிறார்கள் என்றார்கள். வெளிநாட்டுப் பணியாளர் வந்து குவிவார்கள் என்றார்கள். நானும் அந்த நாட்களில் சில செய்தியாளர் மாநாடுகளில் அமர்ந்து இதையெல்லாம் குறிப்பெடுத்தவன். வந்து பார்த்தால் வண்டியில் இருந்தவர்கள் எங்கள் பிள்ளைகள். தொடக்கத்தில் ஐதராபாத்தில் பயிற்சி பெற்றுத் திரும்பிய அவசர மருத்துவ உதவியாளர்கள். மக்கள் 1990ஐ அழைத்தார்கள், வண்டி வந்தது, காசு கேட்கவில்லை. எதிர்ப்புக் குரல் தானாகவே தணிந்து போயிற்று.

சேவையை நாடு முழுவதற்கும் விரிக்க இந்தியா மேலும் ஒன்றரைக் கோடி டொலர் கொடுத்தது. கூடுதலாக 209 வண்டிகள். 2018 ஜூலை 21ஆம் திகதி யாழ்ப்பாணம் துரையப்பா விளையாட்டரங்கில் அதன் தொடக்க விழா நடைபெற்றது. பிரதமர் ரணில் விக்கிரமசிங்க நேரில் வந்திருந்தார். நரேந்திர மோடி டில்லியிலிருந்து காணொளி மூலம் பேசினார். வடக்கும் ஊவாவும் இரண்டாம் கட்டத்தில் முதலில் சேர்ந்தன. அதே ஆண்டு பாராளுமன்றம் 18ஆம் இலக்கச் சட்டத்தின் மூலம் 1990 சுவசெரிய மன்றத்தை நிறுவியது. சட்டம் வந்ததுதான் என் பார்வையில் விழாவைவிடப் பெரிய விடயம். அதன் பின்னர் இச்சேவை ஓர் அமைச்சரின் திட்டமாக அல்லாமல், அரசு பணம் ஒதுக்க வேண்டிய ஒரு நிறுவனமாயிற்று. கொடுத்தது இந்தியா என்பதால் நாம் நன்றி பாராட்டலாம். ஆனால் நன்கொடை வண்டியை வாங்கும், தொடக்க காலத்தை ஓட்டும். அதற்குப் பிறகு வருடாவருடம் டீசல், சம்பளம், ஒட்சிசன், டயர் என்று கேட்பது அந்த வண்டிதான். கேட்கப்படுவது எங்கள் திறைசேரி.

2022இல் அந்தத் திறைசேரி காலியாயிற்று. எரிபொருள் நிலையங்களில் மைல் கணக்கில் வரிசை நின்ற அந்த நடுவாண்டில், எண்ணெய் இல்லாமையால் சில பிரதேசங்களில் வண்டி வர முடியாது என்று சுவசெரியவே அறிவிக்க நேர்ந்தது. மருந்துகளுக்கும் தட்டுப்பாடு. அச்செய்தியைப் படித்தபோது முப்பது ஆண்டுகளுக்கு முந்திய அந்த அரைப் போத்தல் மண்ணெண்ணெய் நினைவுக்கு வந்தது. 1992இல் எங்களுக்கு மட்டும் நேர்ந்தது, இம்முறை முழு நாட்டுக்கும் நேர்ந்தது என்று ஒரு நண்பர் தொலைபேசியில் சொன்னார். அதில் ஒரு குரூரமான திருப்தி அவருக்கு இருந்ததோ என்னவோ, எனக்கு இருக்கவில்லை. நான் அப்போது கொழும்பில், சர்க்கரை வியாதிக்கார மனைவியோடு, ஓட்டோவுக்கும் பெற்றோல் இல்லாத ஒரு தெருவில் இருந்தேன்.

நெருக்கடி தணிந்து வண்டிகள் மீண்டும் ஓடுகின்றன. அண்மையில் ஊருக்குப் போனபோது, அந்த ஒஸ்ரின் காரின் சொந்தக்காரரைக் கண்டேன். எண்பதைத் தாண்டிவிட்டார். சென்ற வருடம் நெஞ்சுவலி வந்து 1990இல்தான் ஆஸ்பத்திரிக்குப் போனாராம். வண்டிக்குள் ஏறும்போது பழக்க தோஷத்தில் சட்டைப் பையைத் தடவியிருக்கிறார். "தம்பி, உது ஆற்றை காசில ஓடுது?" என்று என்னிடம் கேட்டார். வண்டி இந்தியா தந்தது, எண்ணெய் அரசாங்கம் விடுகிறது என்றேன். சற்று யோசித்துவிட்டு, எண்ணெய் விடுவதுதான் கஷ்டம் என்றார். அவருக்குத் தெரியாததா?

ஆயினும் வண்டி போகாத இடங்கள் இன்னும் உண்டு. நெடுந்தீவில் ஒருவருக்கு இரவில் நோய் கடுத்தால், குறிகட்டுவான் வரை கடல்தான். காற்றுக் காலத்தில் படகோட்டியின் துணிவும் உயிர்காப்பு முறையில் ஒரு பகுதியாகிவிடுகிறது. மலையகத்திலோ தடை கடலன்று, தெரு. தோட்டத்துக்குள் இருக்கும் பாதைகள் நீண்டகாலமாகத் தோட்ட நிர்வாகத்தின் பொறுப்பில் இருந்தவை. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு, தோட்டக் குடியிருப்புகளுக்குப் பிரதேச சபை தன் நிதியைத் தாராளமாகச் செலவிட இடங்கொடுக்கவில்லை. தோட்ட மக்கள் வாக்களித்துத் தெரிவு செய்த சபை, அவர்களின் லயத்துக்குப் போகும் பாதையில் ஒரு கூடைக் கல் கொட்டுவதற்கே சட்டம் பார்க்க வேண்டியிருந்தது. முப்பது ஆண்டுகளுக்குப் பின், 2018இல்தான் அப்பிரிவு திருத்தப்பட்டது. சுவசெரிய மலையேறத் தொடங்கியதும் அந்தக் காலத்திலேயே. சட்டம் மாறினாலும் கல்லும் தாரும் பல தோட்டங்களுக்கு இன்னும் வந்து சேரவில்லை. ஆகவே வண்டி பிரதான வீதியில், சிவப்பு விளக்கைச் சுழற்றிக்கொண்டு நிற்கிறது. மேலே லயத்திலிருந்து நான்கு பேர், 1872இல் போலவே, கம்பளியில் வைத்து நோயாளியை இறக்கிக் கொண்டு வருகிறார்கள்.